அப்பாவின் போர்க்காயம் பதிவேட்டில் ஏறிய விதம்

1971 போரில் அப்பாவுக்குத் தொடையில் குண்டடி. ஆனால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காயமும் இல்லை, காயப் பதக்கமும் இல்லை. தழும்பின் புகைப்படம், உடனிருந்தவர்களின் உறுதிமொழிப் பத்திரம் என்று எதை அனுப்பினாலும் "பதிவு இல்லை" என்றே பதில் வந்தது.

அப்புறம் பழைய ராணுவ மருத்துவமனைச் சீட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அப்பாவின் படை எண்ணில் இலக்கங்கள் எல்லாம் சரி. கடைசியில் வரும் ஆங்கில எழுத்து மட்டும் வேறு. அது சும்மா போடுவதல்ல, இலக்கங்களைச் சரிபார்க்கும் எழுத்து. அது மாறியதில் காயத்தின் பதிவு அவர் கோப்புக்கு வராமலே போயிருக்கிறது.

இரண்டு எண்களையும் சீட்டின் தேதியையும் எழுதி, அந்த மாதத்துப் பகுதி-2 உத்தரவின் (வீரர்களின் பணி விவரங்களைப் பதிவு செய்ய ராணுவம் வெளியிடும் உத்தரவு) நகலை ஆர்டிஐயில் கேட்டேன். வந்தது. 'போரில் காயம்' என்று தெளிவாக இருந்தது. அதை இணைத்து மனு போட்டதும் திருத்திவிட்டார்கள், பெரிய நிம்மதி. பதக்கத்துக்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம்.