கியோட்டோவில் பழமையான தங்குமிடத்தைத் தேர்வது எப்படி? முதல்முறை செல்வோருக்கான செய்முறை

கியோட்டோ, 794இல் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானியப் பேரரசர்கள் வாழ்ந்த நகரம். அங்கே போயும் எந்த நாட்டிலும் கிடைக்கும் ஹோட்டல் அறையில் உறங்கி எழுவது பெரிய இழப்பு என்பேன். ஆனால் பழைய வீடுகள் விருந்தினரிடம் சில நிபந்தனைகள் வைக்கும். அவற்றை முன்பே தெரிந்துகொண்டு தேர்ந்தால் பயணம் இனிக்கும்.

படி 1: எந்தப் பழமை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கட்டடம் பழையதாக இருக்க வேண்டுமா, உபசரிப்பா, வழிபாடா? மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அரிது.

கட்டடம்தான் முக்கியம் என்றால் மாச்சியா. வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த மரவீடு இது. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளும், நடுவில் உள்ள சிறு தோட்டம் வெளிச்சமும் காற்றும் தரும். பெரும்பாலும் முழு வீட்டையும் வாடகைக்கு எடுக்கலாம். 1864இல் மூண்ட பெருந்தீ நகரத்தின் பெரும்பகுதியை அழித்துவிட்டதால், இன்று நிற்கும் மாச்சியாக்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. 1950க்குள் மரபு முறையில் கட்டப்பட்டவற்றையே கியோட்டோ மாநகராட்சி மாச்சியா என்று கணக்கில் கொள்கிறது. எனவே வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று கூச்சமின்றிக் கேளுங்கள். உண்மையான பழைய வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

உபசரிப்பு வேண்டுமென்றால் ரியோக்கான் என்னும் ஜப்பானிய மரபு விடுதி. 1818இல் தொடங்கப்பட்ட ஹீராகியா போன்ற விடுதிகள் இன்றும் நடக்கின்றன. தத்தாமி பாய் விரித்த அறை, பருவத்துக்கேற்ற பல சிறு உணவுகள் கொண்ட இரவு விருந்து, பணியாளர் வந்து விரிக்கும் படுக்கை. இங்கே கட்டணம் பொதுவாக ஆளுக்குத்தான், அறைக்கு அல்ல. இரவு உணவும் காலை உணவும் அதில் அடங்கியிருக்கும். விலையைப் பார்த்து அதிர்வதற்கு முன் இதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வழிபாட்டுக்கு, கோயில்கள் நடத்தும் ஷுகுபோ என்னும் தங்கும் விடுதி. சியோன்-இன் கோயிலின் விடுதிக் கட்டடம் நவீனமானது. ஆனால் விடியற்காலையில் துறவிகளின் வழிபாட்டில் நீங்களும் போய் அமரலாம். 888இல் நிறுவப்பட்ட நின்னாஜி கோயிலுக்கும் விடுதி உண்டு.

முதல்முறை செல்வோருக்கு என் பரிந்துரை: ஓர் இரவு ரியோக்கானில், மற்ற நாட்கள் மாச்சியாவில்.

படி 2: உணவைப் பற்றி முன்பதிவின்போதே பேசுங்கள்

சைவ உணவுக்காரர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் தயாராகிறது. காய்கறிக் கூட்டிலும் மிசோ என்னும் சோயா விழுதில் செய்யும் சூப்பிலும்கூட அது இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘மீன் சாறும் வேண்டாம்’ என்று தெளிவாக எழுதுங்கள். போய்ச் சேர்ந்தபின் சொன்னால் சமையலறையால் மாற்ற இயலாது. கோயில்களின் ஷோஜின் என்னும் சைவ உணவு கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுப்பது. அதுவும் அமையாவிட்டால் உணவு இல்லாத கட்டணத்தையோ, சமையலறை உள்ள மாச்சியாவையோ தேர்ந்துகொள்ளுங்கள்.

படி 3: உடன் வருவோரை நினைத்துப் பாருங்கள்

தரையில் விரிக்கும் மெத்தையிலிருந்து எழ முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். மாச்சியாவின் மாடிப்படிகள் செங்குத்தானவை. வயதான பெற்றோர் வந்தால் தரைத்தளத்தில் படுக்கையறையும் கழிப்பறையும் உள்ளனவா என்று பாருங்கள். பழைய வீட்டுச் சுவர்கள் குளிரையும் ஒலியையும் அதிகம் தடுக்காது. ஜனவரியில் போவோர் வெப்பமூட்டி பற்றி விசாரிக்கவும். ரியோக்கானின் பொதுக்குளியலில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும். தயக்கம் இருந்தால், அறைக்குள் குளியல் உள்ளதா, நேரம் ஒதுக்கித் தரும் தனிக்குளியல் உண்டா என்று கேளுங்கள்.

படி 4: இடம்

கியோன் பகுதி அழகானது, கூட்டமும் அங்கேதான். நெசவாளர் பகுதியான நிஷிஜினில் மாச்சியாக்கள் நிறைய. மாலையில் அமைதியாக இருக்கும். நகரப் பேருந்துகள் நிரம்பி வழிவதால், கராசுமா அல்லது தோசாய் சுரங்க ரயில் தடத்தின் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம் என்றால் நல்லது.

படி 5: உறுதி செய்யும் முன்

தனி வீடு என்றால் அரசு அனுமதி எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பதிவு செய்த வீடுகளை ஆண்டுக்கு 180 நாட்கள் மட்டுமே வாடகைக்கு விடலாம். மாநகராட்சியின் தங்கும் வரி தனி. 2026 மார்ச் முதல் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 200 யென்னில் தொடங்கி, மிக விலை உயர்ந்த அறைகளுக்கு 10,000 யென் வரை போகிறது. செர்ரி மலரும் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கம், இலை சிவக்கும் நவம்பர், கியோன் திருவிழா நடக்கும் ஜூலை ஆகிய காலங்களுக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்யுங்கள்.

பதிவு முடிந்ததும் வந்து சேரும் நேரத்தை எழுதி அனுப்புங்கள். ரியோக்கானில் இரவு உணவு பெரும்பாலும் ஆறு, ஏழு மணிக்கே பரிமாறப்படும். மாலை ஐந்துக்குள் சேர்ந்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டு விருந்தினரிடம் அதன் நகலை வாங்குவார்கள்.