பியூ ஃபோம் போட்ட மொட்டை மாடியில் பாசி: சுரண்டாமல் கழுவுவது எப்படி?

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் கடைசி மாடி எங்களுடையது. மே மாதத்தில் கூரை அடுப்பாகக் கொதிக்கும், ஜூலையில் ஒழுகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக சொசைட்டியில், அதாவது குடியிருப்போர் சங்கத்தில், பியூ ஃபோம் (பாலியூரிதேன் நுரை) ஸ்ப்ரே அடித்து, மேலே வெள்ளைப் பூச்சும் கொடுத்தார்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் வெள்ளை போய்ப் பச்சை வந்தது, ஓரங்களில் கறுப்பு. கழுவுவதற்கு ஒருவரை அனுப்பினார்கள். அவர் கராட்டாவும் கழிப்பறை ஆசிட்டும் கொண்டுவந்தார். (ஈர்க்குச்சி விளக்குமாறுக்கு இங்கே கராட்டா என்று பெயர்.) இரண்டு மணி நேரத்தில் பாசி போய்விட்டது, பல இடங்களில் வெள்ளைப் பூச்சும் கூடவே போய்விட்டது. அடுத்த மழையில் எங்கள் படுக்கையறைக் கூரையில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பீங்கான் சில்லு பதித்த பழைய மும்பை மொட்டை மாடிகளை அவர் வருஷக்கணக்காக அப்படித்தான் கழுவுகிறார், அவை தாங்கும். ஃபோம் தாங்காது. அதற்குப் பிறகு இரண்டு அக்டோபர்களாக நானே கழுவுகிறேன். முதல் முறை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

இரண்டு திரவங்களைத் துப்பாக்கி முனையில் கலந்து அடிக்கிறார்கள். தரையில் பட்ட சில நொடிகளில் பால் பொங்குவதுபோல் பொங்கி, இறுகி, கெட்டியான நுரையாகிவிடுகிறது. உள்ளே லட்சக்கணக்கான மூடிய குமிழ்கள் இருப்பதால் வெப்பமும் எளிதில் இறங்காது, தண்ணீரும் இறங்காது. ஆனால் இந்த நுரைக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சுப் பழுப்பாகி, விரலால் தடவினால் மாவாக உதிரும். அதைக் காப்பதற்குத்தான் மேலே அக்ரிலிக் அல்லது சிலிகான் பூச்சு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

அந்த மெல்லிய தோலுக்குத் தெரியாமல் அதன் மேலிருக்கும் அழுக்கை எடுப்பதுதான் நம் வேலை. பாசிக்கு வேர் கிடையாது என்பது நமக்கு வசதி. பூச்சின் மேல் படிந்த தூசி, புறா எச்சம், ஈரம் இவற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. செத்துவிட்டால் தானே பிடி விடும். ஆகவே கை பலம் வேண்டாம், ஊறுவதற்கு நேரம் கொடுத்தால் போதும்.

எப்போது செய்வது?

மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் தொடங்கி அக்டோபர் 8 வாக்கில் விலகும். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் இங்கே ஜூலை ஒரு மாதத்திலேயே கொட்டிவிடுகிறது. நான்கு மாதம் கூரை காயாமல் கிடந்தால் பாசி வராமல் என்ன செய்யும்? மழைக்கு நடுவில் கழுவுவது வீண்வேலை, ஆபத்தும்கூட. மழை விலகி ஒரு வாரம் போகட்டும். காலை ஆறரை, ஏழுக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். அக்டோபர் வெயிலில் மருந்துத் தண்ணீர் (ப்ளீச் கலந்த தண்ணீர்) ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். காய்ந்த மருந்து பாசியைக் கொல்லாது, பூச்சில்தான் உப்பாகப் படியும்.

என்ன வாங்குவது, எதைத் தொடக்கூடாது?

கார் கழுவும் மென்மையான நைலான் பிரஷ், நீளக் கைப்பிடியோடு. செடிக்கு மருந்து அடிக்கிற, கையால் பம்ப் செய்யும் 5 லிட்டர் பிளாஸ்டிக் ஸ்ப்ரேயர். பாத்திரம் கழுவும் லிக்விட் சோப். வாசனையோ நிறமோ சேர்க்காத லிக்விட் ப்ளீச், அதாவது 4 முதல் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். வெயிலிலும் நாள்பட்டும் அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கறை பட்டாலும் பரவாயில்லை என்கிற சட்டை. காலுக்கு, தட்டையான மென்மையான ரப்பர் அடி கொண்ட, நன்றாகப் பிடிக்கிற ஷூ. ஹவாய் செருப்போடு பாசியில் ஏறினால் நேராக எலும்பு டாக்டரிடம்தான்.

கராட்டா, கம்பி பிரஷ், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், கரண்டி எதுவும் மேலே வரக்கூடாது. தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோல் போன்றவை பூச்சை இளக்கிவிடும். ப்ளீச்சிங் பவுடர் மலிவுதான், ஆனால் கரையாத சுண்ணாம்புத் துகள் பூச்சின் மேல் தங்கும்.

பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு மாடல்களிலேயே 100 பார் அழுத்தம் வரும். பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீர் அதன் வழியே அடியில் புகுந்து பூச்சையே உரித்தெடுத்துவிடும். எங்கள் மாடிக் குழாயில் தண்ணீர் சோம்பலாகத்தான் வரும், தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால். அந்தச் சோம்பல் தண்ணீர்தான் இதற்குச் சரி.

படி 1: வெறும் கண்ணால் ஒரு சுற்று

தண்ணீர் படுவதற்கு முன், கையில் ஒரு சாக்பீஸோடு மெதுவாக நடங்கள். வெடிப்பு, கொப்புளம், காகம் கொத்திய துளை, ஆரஞ்சு நிறத்தில் தெரியும் நுரை, எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம். காலால் அழுத்தும்போது ஈரப் பஞ்சுபோல் அமுங்குகிற இடம் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடங்களில் நீங்கள் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பாதி மாடி இப்படி இருந்தால் பிரஷைக் கீழே வைத்துவிட்டு ஃபோம் அடித்தவரைக் கூப்பிடுங்கள். உத்தரவாதக் காகிதம் இருந்தால் அதையும் எடுத்துப் படியுங்கள். எந்த மருந்து பயன்படுத்தலாம் என்று சிலவற்றில் எழுதியிருக்கும்.

படி 2: கைப்பிடிச் சுவர், ஒயர், குழாய்

ஃபோமின் கனத்தால் தரை உயர்ந்திருக்கும், அந்த அளவுக்குக் கைப்பிடிச் சுவர் குட்டையாகிவிட்டது என்பதை மறக்காதீர்கள். சுவருக்கு முதுகைக் காட்டிப் பின்னோக்கி நடந்து கழுவக் கூடாது. தனியாகவும் ஏறக் கூடாது, குறைந்தது ஒருவர் படிக்கட்டு வாசலில் நிற்கட்டும். டிஷ் ஆன்டெனா, கேபிள் ஒயர், சோலார் பேனல் இணைப்பு ஆகியவற்றை அணைத்து மூடுங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றிவிடுங்கள், குடிதண்ணீர்த் தொட்டி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். துளசி மாடத்தை ஓரமாக நகர்த்துங்கள். நகர்த்துவதென்றால் தூக்கி வைப்பது, இழுப்பது அல்ல.

படி 3: உலர்ந்த குப்பை

பூந்துடைப்பத்தால் சருகு, எச்சம், மண்ணைத் தள்ளி, முறத்தில் அள்ளுங்கள். தண்ணீர் போகும் வாய்க்குள் தள்ளிவிடாதீர்கள். மண் இருக்கும்போது ஈரமாக்கித் தேய்த்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும். பறவை எச்சம் கெட்டியாக ஒட்டியிருந்தால் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் அதன் மேல் போட்டு வையுங்கள்.

படி 4: சோப்புத் தண்ணீர்

ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி லிக்விட் சோப். ஆறடிக்கு ஆறடியாகப் பிரித்துக்கொண்டு, உயரமான பக்கத்திலிருந்து தண்ணீர் வாயை நோக்கி வாருங்கள். பிரஷை அழுத்த வேண்டாம், அதன் சொந்தக் கனமே போதும். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற கை. பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பாதிப் பச்சை இதிலேயே போய்விடும். லேசான பாசியாக இருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம், ப்ளீச் தேவையில்லை.

படி 5: ப்ளீச்

இங்கேதான் பதற்றம் வேண்டாம். 1 பங்கு ப்ளீச்சுக்கு 10 பங்கு தண்ணீர். சோப்போடு சேர்க்காதீர்கள், அதனால்தான் சோப்பை முன்னாடியே அலசச் சொன்னேன். ஆசிட் வாசனைகூடப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ப்ளீச்சும் கழிப்பறை ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா உள்ள கிளீனரோடு கலந்தாலும் நச்சு வாயுதான். போன வருஷம் யாரோ ஆசிட் ஊற்றிய மாடி என்றால் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, பாசி உள்ள இடத்தில் மட்டும், நனையும் அளவுக்கு அடியுங்கள். 10 முதல் 15 நிமிஷம் விடுங்கள். நடுவில் காய்வதுபோல் தெரிந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பச்சை பழுப்பாகி, பிறகு வெளுக்கும். மென்மையாக ஒரு முறை பிரஷ் ஓட்டி, தாராளமாக அலசுங்கள். ஒரு முறைக்கு இரண்டு முறை அலசுவது நல்லது, குறிப்பாகத் தகரம், அலுமினிய ஓரம், இரும்புச் சல்லடை உள்ள இடங்களில். ப்ளீச் உலோகத்தை அரிக்கும்.

எனக்கு 100 சதுர அடிக்குக் கலந்த தண்ணீர் ஏறத்தாழ 4 லிட்டர் ஆனது. ஒரே நாளில் மாடி முழுவதையும் முடிக்கப் பார்க்காதீர்கள். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு எதிர்வீட்டு மாமி படியேறி வந்தார்.

“ஏண்டா, ப்ளீச் வாசனை கீழ வரைக்கும் வர்றது. நாளைக்கு நான் வடாம் பிழியலாமோ?”

“நாளைக்கு வேண்டாம் மாமி. இன்னும் ஒரு தரம் தண்ணி விட்டு அலசணும். அப்புறம்கூடத் தரையில வேண்டாம், கட்டில்லயே போடுங்கோ.”

“கட்டிலைத்தான் தூக்கிண்டு வந்திருக்கேனே.”

“கால் ஃபோம்ல குத்திடும் மாமி. இருங்கோ, பலகை வெச்சுத் தரேன்.”

கட்டில் கால், ஏணி, நாற்காலி, துணி காயப்போடும் ஸ்டாண்டு எதுவானாலும் இதே கதைதான். அடியில் ஒரு ப்ளைவுட் துண்டு, அதற்கும் அடியில் மடித்த சாக்கு. முட்டிபோட்டுத் துடைக்கும்போதும் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: போகாத கறை

கறுப்புத் திட்டு சில இடங்களில் நிற்கும். இன்னொரு முறை ப்ளீச் அடித்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். செத்த பாசியின் நிறம் வெயிலில் மெல்ல மங்கும். அதைப் போக்குகிறேன் என்று தேய்த்துப் பூச்சைக் கரைத்தால் அடுத்த வருஷம் கூரைக்குக் கீழே கறை வரும், சொந்த அனுபவம்.

படி 7: சாக்பீஸ் வட்டங்கள்

கழுவும்போது சாக்பீஸ் அழிந்திருக்கும், முன்பே போனில் படம் எடுத்து வைத்தால் நல்லது. இரண்டு நாள் நன்றாகக் காயட்டும். விரல் நுனி அளவு துளைகளை, மேலே இருக்கும் பூச்சுக்குப் பொருத்தமான சீலன்ட்டால் அடைக்கலாம். பூச்சு சிலிகான் என்றால் சிலிகான்தான் ஒட்டும், அதன் மேல் அக்ரிலிக் அடித்தால் சில மாதத்தில் அப்பளமாக உரிந்து வரும். எது என்று தெரியாவிட்டால் சொசைட்டி பில்லைப் பாருங்கள். உள்ளே ஈரம் இருக்கிற இடத்தை மூடி அடைக்காதீர்கள். உள்ளங்கை அளவுக்குப் பெரிதான சேதம் ஆள் வைத்துச் செய்ய வேண்டியது.

திரும்ப வராமல் இருக்க

பாசி எல்லா இடத்திலும் ஒரேபோல் வருவதில்லை, தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கேதான் அடர்த்தியாக வரும். மழை நின்று இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் நிற்கிற பள்ளத்தைக் குறித்து வையுங்கள், மறு பூச்சு கொடுக்கும்போது ஃபோம் அடிப்பவரிடம் அந்த இடத்தை நிரப்பச் சொல்லலாம். மே மாதக் கடைசியில் ஒரு முறை தண்ணீர் வாய்களில் சருகு எடுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

எங்கள் மாடியில் மோசமான இடம் தொட்டிக்கு அடியில் இருந்தது. வாட்ச்மேன் காலையில் பம்ப் போட்டுவிட்டுக் கேட் பக்கம் போய்விடுவார், தொட்டி நிரம்பி வழிந்து தினமும் அரை மணி நேரம் ஃபோம் மேல் ஓடும். மழையே இல்லாத ஜனவரியிலும் அங்கே பச்சைதான். ஓவர்ஃப்ளோ குழாயைத் தண்ணீர் வாய்வரை நீட்டி, மிதவை ஸ்விட்ச் ஒன்றும் போட்டோம். இந்த வருஷம் அங்கே பாசி இல்லை. ஏசி வெளி யூனிட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் மட்டும் சுவரோரம் ஒரு பச்சைக் கீற்று இன்னும் ஓடுகிறது. அந்த ஏசி சொசைட்டி செக்ரெட்டரி வீட்டுடையது. அடுத்த மீட்டிங்கில் யார் பேச்செடுப்பது என்று நானும் மாமியும் இன்னும் முடிவு செய்யவில்லை.