பிளெண்டரில் மவுஸும் கீபோர்டும்: கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் தவறுகள்

வேலூர்ப் பக்கம் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைப் பழக உட்காருகிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கோட்டை மதில்மேல் ஆசை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ யூனிட்டுகளிலிருந்து வருகிறவர்களுக்கு ஷூவின் அடிப்பாகமான சோல் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். செய்யும் பொருள் வேறு, கை சறுக்கும் இடம் மட்டும் இருவருக்கும் ஒன்றே. சேவ் பண்ண மறப்பது, ஐகான் தெரியாமல் தேடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. இரண்டு நாளில் அவை தானாகச் சரியாகிவிடும். தவறு நடந்ததே தெரியாமல் போகிறதே, அவைதான் ஆபத்து.

பழைய வீடியோவைப் பார்த்து வலது கிளிக்

2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்புக்கு முன்பு, ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வலது கிளிக். அதன்பின் இடது கிளிக். வீடியோவில் திரை வெளிர் சாம்பல் நிறமாக இருந்து, ஆசிரியர் வலது கிளிக்கில் தேர்வு செய்தால் அதை மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

மவுஸ் நிற்கும் இடத்தை மறப்பது

பிளெண்டரில் நீங்கள் தட்டும் விசை, மவுஸ் முனை எந்தப் பகுதியின் மேல் இருக்கிறதோ அந்தப் பகுதிக்குத்தான் போகும். கடைசியாக எங்கே கிளிக் செய்தீர்கள் என்பது கணக்கே இல்லை. 3டி காட்சியில் ஒரு முகத்தை, அதாவது பொருளின் ஒரு பக்கப் பரப்பை, உள்வாங்கச் செய்ய ஐ தட்டுகிறோம். அந்த நேரம் மவுஸ் வலப்பக்கம் நகர்ந்து விளிம்பை மழுக்கும் பெவல் மாடிஃபையரின் அளவுக் கட்டத்தின் மேல் நின்றால், அங்கே ஒரு அனிமேஷன் கீஃப்ரேம் (அசைவுக்காக அந்த நேரத்து அளவைப் பதியும் குறி) விழுந்துவிடும். கட்டம் மஞ்சளாகிவிட்டால் அதுதான் நடந்திருக்கிறது; அதன் மேலேயே மவுஸை வைத்து ஆல்ட் ஐ கொடுத்தால் போய்விடும். பேக்ஸ்பேஸ் இன்னும் மோசம். கட்டத்தின் மேல் மவுஸ் இருக்கும்போது அதைத் தட்டினால், நீங்கள் போட்ட எண் சத்தமில்லாமல் ஆரம்ப அளவுக்குத் திரும்பிவிடும்.

அச்சை முதலில் தட்டுவது

எக்ஸ் அச்சில் நகர்த்த முதலில் ஜி, பிறகு எக்ஸ். எக்ஸை முதலில் தட்டினால் அழிக்கவா என்று கேட்கும்.

இ தட்டிவிட்டு வலது கிளிக்கில் தப்பிப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான். "அண்ணா, இன்னா பண்ணாலும் பெவல் வரமாட்டுது" என்று யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நகர்த்த ஜி, சுழற்ற ஆர், அளவு மாற்ற எஸ். இந்த மூன்றிலும் நடுவில் வலது கிளிக் செய்தாலோ எஸ்கேப் தட்டினாலோ எதுவும் நடக்காதது போல எல்லாம் பழையபடி ஆகிவிடும். கை அதை நம்பப் பழகிவிடுகிறது. முகத்தை வெளியே இழுத்து நீட்டும் எக்ஸ்ட்ரூட் அப்படியில்லை. இ தட்டியதும் அடுத்தடுத்து இரண்டு வேலைகள் நடக்கின்றன: முதலில் புதிய முகங்கள் உருவாகின்றன, பிறகுதான் அவை மவுஸோடு நகர்கின்றன. வலது கிளிக் இரண்டாவதை மட்டுமே ரத்து செய்யும். உருவான முகங்கள் பழைய இடத்திலேயே, பழையவற்றோடு ஒட்டி நிற்கும். திரையில் ஒரு மாற்றமும் தெரியாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. மேலே உள்ள ஓவர்லே பட்டியலைத் திறந்து ஸ்டாட்டிஸ்டிக்ஸை டிக் செய்யுங்கள். புதிய கனசதுரம் ஒன்றை, புள்ளி புள்ளியாகத் திருத்தும் எடிட் மோடில் பார்த்தால் 8 வெர்டெக்ஸ் (புள்ளி), 12 எட்ஜ் (விளிம்பு), 6 ஃபேஸ் (முகம்) என்று காட்டும். மேல் முகத்தைத் தேர்ந்து இ தட்டி வலது கிளிக் செய்யுங்கள். இப்போது 12, 20, 10. "வரலியே" என்று இன்னொரு தடவை அதையே செய்தால் 16, 28, 14. அதே டப்பாதான், ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இரண்டு அடுக்கு ஏறியிருக்கிறது.

கோட்டை மதில் செய்கிறவர்களுக்கு இது பெருகும் விதம் தனி. மதில் உச்சியில் பல்வரிசை போல நிற்கும் தடுப்புக்கற்களில் ஒன்றைச் செய்து, அதை அரே மாடிஃபையரால் 100 ஆக்குவார்கள். முதல் கல்லில் ஒரு தடவை இ தட்டித் தப்பித்திருந்தால், மதில் முழுக்க 400 வெட்டிப் புள்ளிகள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கெடும். பெவல் மாடிஃபையரில், விளிம்புகள் ஒன்றோடொன்று மோதாமல் பெவலைத் தடுக்கும் கிளாம்ப் ஓவர்லாப் என்பது முதலிலிருந்தே டிக் ஆகியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும் புள்ளிகளுக்கு இடையே தூரம் பூஜ்யம் என்பதால், அது பெவலையும் பூஜ்யத்தில் நிறுத்திவிடும். பரப்பை வழவழப்பாக்கும் சப்டிவிஷன் போட்டால் வளைய வேண்டிய விளிம்பு மட்டும் கத்தி மாதிரி கூராக நிற்கும். மூலையில் ஒரு புள்ளியை இழுத்தால் அது மட்டும் வரும், அடியில் இன்னொன்று அங்கேயே இருக்கும். சோலை 3டி பிரிண்டுக்கு அனுப்புகிறவர்கள் ஓட்டை இருக்கிறதா என்று, மூடாத இடங்களைக் காட்டும் நான்-மேனிஃபோல்ட் தேடல் செய்து பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவார்கள். கனசதுரம் போன்ற மூடிய வடிவத்தில் முகத்தை இப்படி எக்ஸ்ட்ரூட் செய்தால் வடிவம் மூடியபடியேதான் இருக்கும். அந்தத் தேடலில் சிக்காது. பரப்பில்லாத முகங்களைத் தேடித் தருவது 3டி பிரிண்ட் டூல்பாக்ஸ் ஆட்-ஆனில் உள்ள ஜீரோ ஃபேசஸ்.

சரிசெய்வது சுலபம். அப்போதே கவனித்தால், வலது கிளிக் செய்த கையோடு கண்ட்ரோல் இசட். எண் 8க்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். நாள் கழித்துக் கண்டுபிடித்தால் எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க ஏ, பிறகு எம், அதில் நெருங்கிய புள்ளிகளை ஒன்றாக்கும் பை டிஸ்டன்ஸ். எத்தனை புள்ளிகள் நீக்கப்பட்டன என்று கீழே எழுதிக் காட்டும்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. இதன் ஆரம்ப அளவு 0.0001 மீட்டர், அதாவது 0.1 மில்லிமீட்டர். கோட்டைக்கு அது ஒன்றுமே இல்லை. 280 மில்லிமீட்டர் சோலை நிஜ அளவிலேயே செய்து, அடியில் நுண்ணிய பிடிமான வரிகள் போட்டிருந்தால், அவசரத்தில் அந்த எண்ணைக் கூட்டாதீர்கள். வரிகளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஷிஃப்ட் டி

அதே கதை. வலது கிளிக் செய்தாலும் நகல் அங்கேயே இருக்கும். பொருள்களின் பெயர்ப் பட்டியலில் பெயருக்குப் பின்னால் .001 என்று ஒன்று முளைத்திருந்தால் அழியுங்கள்.

ஆப்ஜெக்ட் மோடில் எஸ்

கனசதுரத்தை, பொருளை முழுதாகக் கையாளும் ஆப்ஜெக்ட் மோடிலேயே எஸ், ஒய், 10 என்று இழுத்து மதிலாக்கிவிட்டுப் பெவல் போட்டால், நீளவாக்கில் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் வரும். பொருளின் உள்ளே இன்னும் பழைய கனசதுரம்தான் இருக்கிறது, வெளியே மட்டும் இழுபட்டிருக்கிறது. என் தட்டினால் பக்கப் பலகையில் ஸ்கேல் தெரியும். மூன்றும் 1.000 இல்லையென்றால் ஆப்ஜெக்ட் மோடில் கண்ட்ரோல் ஏ, பிறகு ஸ்கேல். அளவு மாற்றும் வேலையை எடிட் மோடில் செய்தால் இந்தத் தொல்லையே வராது.

முன்பக்கம் மட்டும் பிடிபடுவது

முன்னிருந்து பார்த்து மதிலின் மேல் வரிசையைக் கட்டம் போட்டுத் தேர்ந்து உயர்த்துகிறீர்கள். திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் ஏறியிருக்கிறது, பின்பக்கம் அப்படியே கிடக்கிறது. மதில் சாய்ந்த கூரை ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளை மட்டுமே கட்டம் பிடிக்கும். கட்டம் போடுவதற்கு முன் ஆல்ட் இசட் தட்டி எக்ஸ்ரேயை ஆன் செய்யுங்கள்.

ஒன்றை இழுத்தால் ஊரே வருகிறது

ஓ தட்டியிருக்கிறீர்கள். மறுபடி தட்டுங்கள்.

தமிழ்த் தட்டச்சு ஆனில் இருப்பது

குறுக்கு விசைகள் திடீரென்று ஊமையானால் முதலில் இதைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

நம்பேட் இல்லாத லேப்டாப்

பிரிஃபரன்ஸில் இன்புட் பகுதியில் எமுலேட் நம்பேட் இருக்கிறது. அதை ஆன் செய்தால் மேல் வரிசை 1, 3, 7 முறையே முன், வலது, மேல் காட்சியாகும். ஆனால் எடிட் மோடில் 1, 2, 3 கொண்டு வெர்டெக்ஸ், எட்ஜ், ஃபேஸ் மாற்றும் வசதி போய்விடும். புதிதாகப் பழகுகிறவருக்கு அதுதான் அதிகம் தேவை. அதனால் அதை ஆஃபிலேயே விட்டுவிட்டு, எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையைத் தட்டுங்கள். எல்லாக் காட்சியும் வட்டமாக விரியும். டச்பேடில் மட்டும் காலம் தள்ளாதீர்கள். சக்கரத்தை அழுத்தினால் கிளிக் ஆகும் மவுஸ் ஒன்று வாங்குங்கள். கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்குங்கள், சக்கரம் சுழலும் மவுஸிலெல்லாம் அந்த அழுத்தம் ஒழுங்காக இருப்பதில்லை.