3060-ல் 4கே ஓடுமா? உங்கள் கம்ப்யூட்டரிடமே கேட்டுப் பார்க்கும் முறை

"மாமா, 27 இன்ச் மானிட்டர் ஒன்னு பாத்து வச்சிருக்கேன். 4கே. நம்ம 3060 தாங்குமா?"

கரூரிலிருந்து அக்கா மகன் போனில் கேட்டான். அவனிடமும் என்னிடமும் இருப்பது ஏறக்குறைய ஒரே கம்ப்யூட்டர். ரைசன் 5 5600 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். தாங்கும், தாங்காது என்று ஒரே வார்த்தையில் சொல்லி அவன் சேர்த்து வைத்த காசைச் செலவழிக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. "எந்த கேம்டா? எந்த செட்டிங்ல? எத்தனை ஃப்ரேம் வந்தா உனக்குப் போதும்?" என்று கேட்டேன். மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவனுக்கு எழுதி அனுப்பியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். உங்களிடம் இருப்பது வேறு கார்டாக இருந்தாலும் முறை இதுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1080பி என்றால் 1920 பெருக்கல் 1080, மொத்தம் 20,73,600 புள்ளிகள். 1440பி-யில் 36,86,400. 4கே-யில் 82,94,400. நான் திருச்சியில் ஓர் அச்சகத்தில் லேஅவுட் வேலை பார்க்கிறேன். ஏ4 நோட்டீஸை ஏ2 போஸ்டராக்கினால் தாளின் பரப்பு நான்கு மடங்காகிவிடும். 1080பி-யிலிருந்து 4கே-க்குப் போவதும் அதே நான்கு மடங்கு. 1440பி-க்குப் போனால் சுமார் 1.8 மடங்கு.

ஃப்ரேம் என்பது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம். செகண்டுக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் இத்தனை புள்ளிகளையும் கார்டு 16.7 மில்லி செகண்டுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 144 ஃப்ரேம் என்றால் 6.9 மில்லி செகண்டுதான். ப்ராசஸரின் வேலை வேறு. யார் எங்கே நிற்கிறார்கள், எது எதில் மோதுகிறது, அடுத்து எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கார்டுக்குச் சொல்வது அது. ரெசல்யூஷனை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை, கூட்டினாலும் குறைத்தாலும் அந்த வேலை பெரிதாக மாறாது. இந்த இரண்டு பேரில் யார் தாமதமோ அவர்தான் உங்கள் ஃப்ரேம் எண்ணை முடிவு செய்கிறார். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சோதிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். என் கம்ப்யூட்டரை ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கினேன். முதல் நான்கு மாதம் எதுவும் சந்தேகப்படவில்லை. சராசரி எண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நகரத்துக்குள் வண்டி ஓட்டும் கேம்களில், ஒரு தெருமுனை திரும்பினால் படம் ஒரு கணம் நின்று நின்று போகும். கார்டுதான் போதவில்லை என்று நினைத்து செட்டிங்ஸை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். எதற்கும் அசையவில்லை.

ஒருநாள் தூசி தட்ட பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றியபோதுதான் கண்ணில் பட்டது. இரண்டு ரேமும் ஒட்டி ஒட்டி, ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் ஸ்லாட்டிலும் இரண்டாவதிலும் இருந்தன. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் அவை இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். ஒட்டிப் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள பாதை) போய் உட்கார்ந்துவிடும், ப்ராசஸருக்குக் கிடைக்கும் ரேம் வேகம் பாதியாகிவிடும். போதாததற்கு 3200 என்று எழுதியிருந்த ரேம் 2133-ல் ஓடிக்கொண்டிருந்தது. மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி-யை யாரும் ஆன் செய்யவே இல்லை. ரேமைக் கழற்றி மாற்றிப் போட்டு, பயாஸில் அந்த ஒரு வரியை மாற்றிய அன்றைக்கு, தெருமுனையில் படம் நிற்பது நின்றது. நான்கு மாதமாகக் கார்டின் மேல் போட்ட பழி எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

ஆகவே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்று பாருங்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குப் போய் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-ல் ஓடவில்லையே என்று உறுதி செய்யுங்கள். புது மானிட்டர் மாட்டியதும் பல நேரம் 60-ல்தான் நிற்கும்.

அளக்கும் விதம்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் இலவசம். எந்தக் கம்பெனி கார்டுக்கும் வேலை செய்யும். திரையின் மூலையில் ஐந்து விஷயங்களை மட்டும் காட்ட வையுங்கள்: ஃப்ரேம் எண், ஃப்ரேம் டைம் கோடு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பது), கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது, கார்டின் சூடு, கார்டு மெமரி. இதற்கு மேல் வைத்தால் கண் எதையும் படிக்காது.

ஃப்ரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்கையும் ஃப்ரேம் லிமிட்டையும் அளக்கும்போது மட்டும் அணைத்துவிடுங்கள். ஒரே இடத்தை, ஒரே வழியில், மூன்று முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஷேடர்களை (ஒளியையும் நிறத்தையும் வரையக் கார்டில் ஓடும் சின்ன நிரல்கள்) தயார் செய்வதும் டிஸ்க்கிலிருந்து இழுப்பதும் முதல் ஓட்டத்தில்தான் நடக்கும், எண் பொய் சொல்லும். மற்ற இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சராசரியோடு கூடவே 1 சதவீத லோ என்ற எண்ணையும் எழுதுங்கள். மிக மெதுவாக வந்த ஃப்ரேம்களின் கணக்கு அது. சராசரி 80, லோ 30 என்றால் படம் திக்கித் திக்கிப் போகும். சராசரி 60, லோ 50 என்றால் வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு எந்நாளும் இரண்டாவதுதான் வேண்டும்.

கற்றுக்கொள்வதற்கு ஷேடோ ஆஃப் தி டூம் ரெய்டரைப் போல் நல்ல வாத்தியார் கிடையாது. 2018-ல் வந்த கேம், உள்ளேயே வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் இருக்கிறது. முடிவுத் திரையில் ஃப்ரேம் எண்ணோடு நிறுத்தாமல், ப்ராசஸருக்கு ஒரு கோடு, கார்டுக்கு ஒரு கோடு என்று வரைந்து, 'ஜிபியு பௌண்ட்' என்று ஒரு சதவீதமும் போட்டுக் காட்டும். அது 99 என்றால் தாமதம் முழுக்கக் கார்டால். 40 என்றால் பாதிக்கு மேல் ப்ராசஸரால். வேறு கேம்களில் இதே தகவலை ஆஃப்டர்பர்னரிலிருந்து ஊகிக்கலாம்: கார்டு 97, 98 சதவீதம் உழைத்தால் கார்டு தாமதம், 70-ல் நின்றுகொண்டு ஃப்ரேமும் ஏறவில்லை என்றால் ப்ராசஸரோ ரேமோ தாமதம்.

என் நோட்டில் இருப்பது

டூம் ரெய்டர், எல்லாம் ஹையஸ்ட், ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் கனமான முறை) இல்லாமல்: 1080பி-யில் 100-ஐ ஒட்டி, 1440பி-யில் 70 சுமார், 4கே-யில் 35-க்கும் 40-க்கும் நடுவே. புள்ளிகள் நான்கு மடங்கானபோதும் ஃப்ரேம் கால்வாசியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் புள்ளிக் கணக்கோடு சம்பந்தமில்லாத வேலையும் இருப்பதால் இப்படி.

சைபர்பங்க் 2077, அல்ட்ரா, ரே டிரேசிங் இல்லாமல்: 1080பி-யில் 60 பக்கம், 1440பி-யில் 40 பக்கம். 4கே-யில் 20-ஐ ஒட்டிப் போய்விட்டது, அதில் விளையாட முடியாது. ரே டிரேசிங்கை அல்ட்ராவில் வைத்தால் 1080பி-யிலேயே 30-க்குக் கீழே.

வேலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் கதையே வேறு. 1080பி-க்கும் 1440பி-க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, கார்டு பாதி தூக்கத்தில் இருந்தது. அங்கே முதலாளி ப்ராசஸர். அந்த ஒரு கேமுக்காக வாழ்பவர்கள் ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை, ரேமைச் சரி செய்யுங்கள்.

எதைக் குறைப்பது, எதைத் தொடக்கூடாது

அல்ட்ரா, ஹை, மீடியம் என்ற ஒட்டுமொத்தப் பொத்தானை நான் தொடக்கப் புள்ளியாக மட்டும்தான் வைத்துக்கொள்வேன். ஹையில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போவேன்.

டெக்ஸ்சரை, அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை, குறைக்காதீர்கள். கார்டு மெமரியில் இடம் இருக்கும்வரை அதனால் ஃப்ரேம் குறையாது. குறைத்தால் சுவரும் துணியும் களிமண் மாதிரி ஆகிவிடும். 3060-ல் 12 ஜிபி இருப்பதால் இந்தச் சலுகை. 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் 1440பி-யிலும் அதற்கு மேலும் மெமரி எண்ணைப் பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். நிரம்பி வழிந்தால் மிச்சம் சாதா ரேமுக்குப் போய் வரும், அந்த நேரம் படம் இடறும். அனைசோட்ரோபிக் ஃபில்டரிங்கை 16-ல் வைத்து மறந்துவிடலாம். தூரத்துத் தரை தெளிவாகும், செலவு ஏறக்குறைய இல்லை.

கார்டுக்குச் செலவு அதிகமானவை வால்யூமெட்ரிக் (கன அளவோடு வரையும்) மேகம், மூடுபனி, நிழல், ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன் என்ற பிரதிபலிப்பு. இவற்றை அல்ட்ராவிலிருந்து ஒரு படி இறக்குங்கள். சைபர்பங்கில் ரிஃப்ளெக்ஷனுக்கு 'சைக்கோ' என்று ஒரு நிலை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஹையில் வைத்துப் பாருங்கள். ஈரத் தெருவில் விளக்கு வெளிச்சம் அப்படியே இருக்கும், ஃப்ரேம் எழும்பிவிடும். ஜிடிஏ 5-ல் புல். ஊருக்குள் ஓட்டும்வரை தெரியாது, வடக்கே மலைப்பக்கம் போனதும் அல்ட்ரா புல் கார்டைத் தின்றுவிடும். அதே கேமில் ஓரங்களின் பிசிறை மழுப்பும் எம்எஸ்ஏஏ-வையும் 4கே-யில் அணைத்துவிடலாம்.

கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் இரண்டும் பெரும்பாலும் ப்ராசஸர் தலையில் விழுபவை. கார்டு 70 சதவீதத்தில் நிற்கும்போது குறைக்க வேண்டியவை இவைதான், நிழலை அல்ல. நான் நான்கு மாதம் தடவிக்கொண்டிருந்தது தப்பான கதவை.

டிஎல்எஸ்எஸ் எங்கே உதவும்

டிஎல்எஸ்எஸ் என்பது ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் படத்தைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் வித்தை. அதன் குவாலிட்டி நிலையில் ஒவ்வொரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கு, பெர்ஃபார்மன்ஸ் நிலையில் பாதி. 4கே-யில் பெர்ஃபார்மன்ஸ் வைத்தால் உள்ளே ஓடுவது 1080பி. 1440பி-யில் குவாலிட்டி என்றால் உள்ளே 1707க்கு 960. 1080பி-யில் குவாலிட்டி என்றால் உள்ளே 720பி-தான். அவ்வளவு சிறிய படத்திலிருந்து மின்கம்பியையும் கம்பி வேலியையும் சரியாகக் கட்ட முடியாமல் அவை நடக்கும்போது மினுக்கும். அதனால் 1080பி-யில் குவாலிட்டிக்குக் கீழே நான் போவதில்லை. 1440பி-யில் குவாலிட்டியை யோசிக்காமல் போடுவேன். சைபர்பங்க் 40-லிருந்து 55-ஐத் தாண்டியது, நிழலையும் மூடுபனியையும் ஒரு படி இறக்கியதும் 60 நிலைத்தது. ஏஎம்டி கார்டுக்கும் பழைய கார்டுக்கும் இதே மாதிரியான எஃப்எஸ்ஆர் இருக்கிறது, விகிதம் அதேதான்.

ப்ராசஸர் தாமதமாக இருக்கும் இடத்தில் டிஎல்எஸ்எஸ் எதுவும் தராது. குறைப்பது புள்ளிகளை மட்டும்தான்.

இன்னொன்று, மானிட்டரின் சொந்த ரெசல்யூஷனை விட்டு இறங்கி விளையாடாதீர்கள். 1440பி மானிட்டரில் 1080பி போட்டால் ஒரு புள்ளியை ஒவ்வொரு பக்கமும் 1.33 புள்ளியாகப் பரப்ப வேண்டிவரும், எழுத்தெல்லாம் மங்கும். அதற்குப் பதில் டிஎல்எஸ்எஸ் போடுங்கள். மெனு, வரைபடம், எழுத்து எல்லாம் முழுத் தெளிவில் நிற்கும்.

செட்டிங்ஸ் முடிந்ததும் ஃப்ரேமுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். ஃப்ரீசிங்க் மானிட்டர் (கார்டின் ஃப்ரேமுக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) என்றால் அதன் ஹெர்ட்ஸுக்கு மூன்று நான்கு கீழே. கனமான கேமில் 60. 3060 முழுதாக உழைத்தால் 170 வாட் வரை இழுக்கும், அத்தனையும் அறைக்குள் சூடாகத்தான் வரும். மே மாதம் திருச்சியில் மாடி அறையில் உட்கார்ந்து விளையாடியவர்களுக்கு இது தெரியும். கார்டு சூடேற ஏறத் தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஜனவரியில் எழுதிய எண்ணை மே மாதத்தில் எதிர்பார்க்காதீர்கள். மோசமான மாதத்தில் அளந்து, அதற்கேற்ப வையுங்கள்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது: இந்தக் கார்டுக்கு 27 இன்ச் 1440பி எடு. இன்ச்சுக்கு 109 புள்ளி வரும், மேசை முன் வழக்கமான தூரத்தில் உட்கார்ந்தால் தெளிவாகவே இருக்கும். 4கே-தான் வேண்டுமென்றால் டூம் ரெய்டர் மாதிரி கேம்களை டிஎல்எஸ்எஸ் போட்டு நன்றாக ஆடலாம், சைபர்பங்க் மாதிரி கேம்களில் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டிவரும். எதுவானாலும் முதலில் இப்போதிருக்கும் மானிட்டரில் அளந்து எனக்கு அனுப்பு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான். 1080பி, சைபர்பங்க். சராசரி என்னுடையதை ஒட்டியே இருந்தது, 1 சதவீத லோ மட்டும் ஏகத்துக்குக் கீழே. "கண்ணாடியக் கழட்டி உள்ள ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா" என்றேன். நான்கு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் ரேம் இருந்தது. 16 ஜிபி-யும் ஒரே குச்சியாக. அதே கம்பெனியில் அதே வேகத்தில் இன்னொன்று வாங்கி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு மறுபடி அளப்போம், மானிட்டரை அப்புறம் பார்க்கலாம்.