பழைய பைபர் படகில் ஆடும் கிளீட், கைப்பிடிக் கம்பி: பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கயிறு கட்டும் கிளீட்டோ கைப்பிடிக் கம்பியோ ஆடுகிறது. ஸ்க்ரூவை முறுக்கினால் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றுகிறது. உடனே அதைவிடத் தடித்த ஸ்க்ரூவைத் தேடுவார்கள். இல்லையென்றால் ஓட்டையில் தீக்குச்சியும் பசையும் திணித்துப் பழைய ஸ்க்ரூவையே ஏற்றுவார்கள். இரண்டுமே அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான் தாங்கும்.

பழைய உல்லாசப் படகுகள் பலவற்றில் மேல்தளம் முழுக்கக் கெட்டி பைபராக இருக்காது. மேலும் கீழும் பைபர் தகடு, நடுவில் ப்ளைவுட் அல்லது பால்சா மரம். ஓட்டையில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசையான சீலன்ட் காய்ந்து வெடித்ததும் ஸ்க்ரூ ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி அந்த மரத்தை ஊறவைக்கிறது. ஊறிய மரம் அழுகிப் பிடியை விட்டுவிடும். அதில் தடித்த ஸ்க்ரூவை ஏற்றினால் தண்ணீருக்கு இன்னும் பெரிய வழி திறக்கும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் சேதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். கிளீட்டைச் சுற்றி ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வெளிப்பக்கமாக நகருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும். மரம் கெட்ட இடத்தில் சத்தம் மந்தமாகும். பிறகு கிளீட்டைக் கழற்றி, அதன் அடிப்பகுதி மறைக்கும் இடத்துக்குள்ளேயே 3 மி.மீ. பிட்டால் ஒரு ஓட்டை போடுங்கள், கீழ்த்தகடு வரை போக வேண்டாம். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்த ஈரக்கூழ் பிட்டில் ஒட்டி, புளித்த வாடையும் அடித்தால் மரம் போய்விட்டது. அப்படிக் கெட்ட இடம் ஓர் உள்ளங்கை அகலத்தைத் தாண்டினால் ஓட்டைகளை மட்டும் அடைப்பது வீண் வேலை. மேல்தகட்டை வெட்டியெடுத்து மரத்தையே மாற்ற வேண்டும்.

ஈரத்தோடு மூடிவிடுவதுதான் இவற்றில் மிக மோசமான தவறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புதுச்சேரி சுண்ணாம்பாற்றிலோ கடலூர் உப்பனாற்றிலோ கட்டிக்கிடக்கும் படகு உலரவே உலராது. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மீன்பிடிப் படகுகளின் வேலையே குவிந்துகிடக்கும், நல்ல பைபர் ஆட்கள் எளிதில் அகப்பட மாட்டார்கள். ஓட்டைகளைத் திறந்து வைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, காற்றோட்டத்தில் வாரக்கணக்கில் காய விடுங்கள். அசிட்டோன் ஊற்றினால் ஈரம் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

மரம் காய்ந்த பிறகு, 6 மி.மீ. போல்ட் போகும் ஓட்டையை 12 மி.மீ. ஆக்குங்கள். மேல்தகட்டையும் மரத்தையும் மட்டும் துளைத்தால் போதும். ஒரு ஆணியை 'ட' போல வளைத்து, தலையை வெட்டிவிட்டு ட்ரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினால், இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஓட்டையைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு மரம் பொடிந்து வரும். தூளை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் பழைய ஓட்டையை டேப்பால் அடையுங்கள். முதலில் வெறும் எபாக்சியை (ரெசினும், அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் கலந்த பசை) விட்டு மரத்தின் ஓரங்களை நனையுங்கள். அதன் பிறகு சிலிக்கா தூள் கலந்து துவையல் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சியை, காற்றுக்குமிழி தங்காமல் நிரப்புங்கள். இறுகியதும் நடுவில் புதிதாக 6.5 மி.மீ. ஓட்டை போடுங்கள். இனி போல்ட்டைச் சுற்றி இருப்பது கெட்டி எபாக்சி. சீலன்ட் என்றாவது விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

கார் பட்டறைப் பட்டி இதற்கு உதவாது, அது ஈரத்தை இழுக்கும். பாலியெஸ்டர் ரெசினும் பழைய பரப்பில் எபாக்சி அளவுக்கு ஒட்டாது. பாலியெஸ்டரில் பழகிய கைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் ஹார்ட்னரைக் கூட்டுவது. எபாக்சியில் அதைச் செய்யவே கூடாது. டப்பாவில் போட்ட விகிதம் மாறினால் அது கடைசிவரை பிசுபிசுவென்றே நிற்கும். சித்திரை வெயிலில் கலவை கப்பிலேயே சூடேறிப் புகைந்துவிடும். விடியற்காலையில், 50 கிராம், 100 கிராமாக, அகலமான தட்டில் கலக்குங்கள். பாலியெஸ்டர் வேலையும் கூடவே நடந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தையும், பாலியெஸ்டரின் ஹார்ட்னரான எம்.இ.கே.பி.யையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

கயிற்றின் இழுவை விழும் எந்தப் பொருளுக்கும் ஸ்க்ரூ போதாது. ஊடே போகும் போல்ட் வேண்டும், அடியில் வெறும் வாஷருக்குப் பதிலாகத் தாங்கு தகடு வேண்டும். 6 மி.மீ. பைபர் ஷீட்டை கிளீட்டின் அடியைவிடச் சுற்றிலும் 3 செ.மீ. பெரிதாக வெட்டி, முனைகளை உருட்டி, எபாக்சியில் ஒட்டிவிடுங்கள். அதன் மேல் அகல வாஷர், தானாகத் தளராதபடி நைலான் வளையம் வைத்த நைலாக் நட். வெறும் ப்ளைவுட் துண்டு வைத்தால் அதுவும் அழுகும்.

போல்ட், உப்பை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 304. காந்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் கிளீட்டுக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் போட்டால் உப்புக்காற்றில் போல்ட் அரித்துத் தின்னப்படும். அலுமினியக் கிளீட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் கிளீட் அரிக்கும், அங்கே நைலான் வாஷர் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

பாத்ரூம் சிலிகான் இங்கே வேண்டாம். அது விட்டுச்செல்லும் பிசுக்கின் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. கடல் உபயோகத்துக்கான பாலியூரிதேன் சீலன்ட்டே சரி. பூசுவதற்கு முன் ஓட்டையின் வாயை ஒரு மி.மீ. சாய்வாகச் செதுக்கினால் போல்ட்டின் கழுத்தைச் சுற்றி சீலன்ட் வளையமாகத் தங்கும். நட்டை ஒரேயடியாக இறுக்கி சீலன்ட் முழுவதையும் பிதுக்கி வெளியேற்றுவது எல்லோரும் செய்யும் பிழை. ஓரத்தில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். ஓரிரு நாள் கழித்து, மேலே ஒருவர் போல்ட்டின் தலை திரும்பாமல் பிடிக்க, கீழே இன்னொருவர் நட்டை மட்டும் கால் சுற்று இறுக்கட்டும். போல்ட்டைச் சுற்றினால் இறுகிய சீலன்ட் கிழியும். ஸ்டெயின்லெஸ் நட் பாதியில் சிக்கிக்கொள்ளும் வழக்கமுண்டு, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி நிதானமாகத் திருகுங்கள்.

ஒரு வாரம் போனதும் கிளீட்டின் மேல் ஹோஸால் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே போய் ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அந்த ஒரு போல்ட்டை மட்டும் கழற்றி, மறுபடி சீலன்ட் போட்டால் போதும்.