மேட்டில் மூச்சு வாங்கிய ஜீப்

என் பழைய டீசல் ஜீப் சமதரையில் நன்றாக ஓடும். ஏற்காடு ஏறும்போது மட்டும் நாலாவது வளைவிலேயே சோர்ந்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் இரண்டாவது கியர்தான். கரும்புகை இல்லை. அப்படியென்றால் காற்றுக் குறைவு இல்லை, டீசல்தான் போதவில்லை என்று தோன்றியது. மெக்கானிக்கோ டீசல் பம்பைக் கழற்றச் சொன்னார். செலவை நினைத்ததும் எனக்கும் மூச்சு வாங்கியது.

முதலில் புது டீசல் ஃபில்டர் போட்டேன். கொஞ்சம்கூட மாற்றமில்லை. அப்புறம் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி ட்யூப் மாட்டி, எஞ்சினை முறுக்கிப் பார்த்தேன். சோடா மாதிரி குமிழ்கள்! டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, ஒரு கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்தேன், குமிழே இல்லை. சரி, பம்ப் தப்பித்தது.

குற்றவாளி, டேங்க் பக்க ரப்பர் ஹோஸ். கிளாம்ப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கீழே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியவில்லை. ஹோஸையும் கிளாம்ப்புகளையும் மாற்றினேன். லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை கைப்பம்பை அடித்து இறுக்கினேன்.

மறுநாள் இருபது வளைவும் ஏறினேன், பெரும்பாலும் மூன்றாவது கியரில்.