பச்சைப் பட்டன் மட்டும் தெரிந்த ஆபரேட்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கும்: சி.என்.சி. (கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மெஷின்) ஆபரேட்டர், வி.எம்.சி. (அதிலேயே நின்றபடி துளைத்துச் செதுக்கும் வகை) செட்டர், அதாவது மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர், வெல்டர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமும் இதே கதைதான். ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்களைப் பழக்குகிற இடத்தில்தான் நாம் சறுக்குகிறோம்.

பெரிய சறுக்கல், சேர்ந்த அன்றே மெஷினில் நிறுத்துவது. பீஸை மாட்டு, கதவைச் சாத்து, பச்சைப் பட்டனை அழுத்து. ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் இன்சர்ட், அதாவது வெட்டும் முனை, தேயும், விட்டம் 0.05 மி.மீ. கூடுதலாக வரும், செட்டர் டீக்குப் போயிருப்பார். எங்கள் ஷெட்டில் ஒரு பையன் அந்த நேரம் பார்த்துத் தானே ஆஃப்செட்டை, அதாவது அளவைச் சரிசெய்ய மெஷினில் போடும் எண்ணை, திருத்தினான். மைனஸ் 0.05 போட வேண்டிய இடத்தில் மைனஸ் 0.5. அடுத்த பீஸ் கிட்டத்தட்ட அரை மில்லி சின்னதாக வந்தது. பெரிதாக இருந்தால் இன்னொரு கட் எடுத்துவிடலாம். சின்னதாகப் போனது பழைய இரும்புக் கடைக்குத்தான். திட்டு அவனுக்கு விழுந்தது. நியாயமாக எனக்கு விழுந்திருக்க வேண்டும், ஆஃப்செட் பக்கத்தை அவனுக்கு ஒரு நாளும் நான் திறந்து காட்டியதில்லை.

இப்போது புதிதாக வருபவருக்கு முதல் வேலையே ஸ்கிராப் துண்டில்தான். கடைந்து, அளந்து, வேண்டுமென்றே ஆஃப்செட்டை 0.1 மாற்றி, மறுபடி கடைந்து பார்க்கச் சொல்வேன். லேத்தில் (கடைசல் மெஷினில்) எக்ஸ் அச்சுக்குப் போடும் எண் பெரும்பாலும் விட்டக் கணக்கு, ஆரக் கணக்கு இல்லை என்பதைக் கையால் உணராதவர், 'ஆரம்தானே குறைய வேண்டும்' என்று பாதியைப் போட்டுவிட்டு முழிப்பார்.

அளவு எடுப்பதிலும் இதே அவசரம். மைக்ரோமீட்டரைக் கொடுத்து '0.01 வரை படி' என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. முதலில் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோமா? பீஸ் சூடாக இருக்கிறதா என்று? அளவுகளுக்கான பொது வெப்பநிலை 20 டிகிரி. மே மாதச் சென்னையில் தகர ஷெட் எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. 100 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல், 10 டிகிரி சூடு கூடினால் சுமார் 0.011 மி.மீ. பெருக்கும். டாலரன்ஸே, அதாவது அளவு மாற விட்டிருக்கும் இடமே, 0.02 என்றால் பாதி அங்கேயே போயிற்று. மெஷின் பக்கத்தில் ஓகே ஆன பீஸ், ஏ.சி. ஓடும் க்யூ.சி. (தரச் சோதனை) அறையில் சின்னதாகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே இருப்பவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

அடுத்து, அப்ரென்டிஸ், அதாவது தொழில் பழக வருபவர். 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ் எடுக்க வேண்டும். எடுக்கிறோம். எடுத்து, வருடம் முழுக்கப் பிசிறு எடுக்கவும் பேக்கிங்குக்கும் அனுப்புகிறோம். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ஃபிட்டரோ டர்னரோ படித்தவனுக்கு இது பயிற்சி இல்லை, மலிவான கூலி. 'சீனியர் சொல்லித் தருவார்' என்கிறோம். அந்த சீனியர் ஒரு ஷிஃப்டில் முடிக்க வேண்டிய பீஸ் எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் குறைப்பதில்லை. அவர் எப்போது சொல்லித் தருவார்? நல்ல கைக்காரர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வருவதும் இல்லை. சட்டென்று கோபப்படாத ஒருவராகப் பார்த்து, ஒரு மாதம் எண்ணிக்கையைக் குறைத்து, அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள்.

மொழியையும் மறந்துவிடுகிறோம். ஆட்களில் பலர் ஒடிசா, பீகார்காரர்கள். பாதுகாப்பு வகுப்பு ஆங்கில ஸ்லைடில் நடக்கிறது, எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

'கற்றுக்கொடுத்தால் அடுத்த தெருவுக்கு ஓடிவிடுவான்' என்று முதலாளிகள் சொல்வது பொய்யில்லை, ஓடத்தான் செய்கிறார்கள். செட்டிங் கற்றபிறகும் ஆபரேட்டர் சம்பளமே கொடுத்தால் நானும் ஓடுவேன். எந்த வேலை கற்றால் எவ்வளவு ஏறும் என்று சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சு பாதி குறையும்.

பயிற்சி முடிந்ததா என்று தெரிந்துகொள்ளச் சான்றிதழைப் பார்க்காதீர்கள். அளவு தவறிய ஒரு பீஸையும் டிராயிங்கையும் கையில் கொடுத்து, பட்டனைத் தொடுவதற்கு முன் கேளுங்கள்: "இப்போ என்ன நம்பர் போடுவே, பிளஸ்ஸா மைனஸா?"